சோறு குறையட்டும், வெஞ்சனம் கூடட்டும்

எங்கள் ஊர்ப் பக்கம் எந்தச் சாப்பாட்டையும் தனியாகப் பெயர் சொல்லி நிறுத்துகிற வழக்கம் கிடையாது. உளுந்தஞ்சோறு என்று ஒருவர் ஆரம்பித்தால் எள்ளுத் துவையல் என்று முடித்தாக வேண்டும். தேங்காய்ப்பால் குழம்பான சொதி என்றால் இஞ்சித் துவையல். கூட்டாஞ்சோறு என்றால் கூழ்வத்தல். களி என்றால் நடுவில் குழி பறித்து அதில் நல்லெண்ணெய். வெஞ்சனம், அதாவது தொட்டுக்கொள்ள ஒரு துணை, இல்லாமல் ஒரு பண்டம் இலைக்கு வந்துவிட்டால் எங்கம்மை, "என்னட்டி இது, மொட்டையா இருக்கு?" என்று கேட்பாள். அம்பாசமுத்திரத்தில் பிறந்து பாளையங்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் சக்கரை உள்ள மாமாவுக்கும் ஒரே அடுப்பில் சமைக்க வேண்டிவந்த பிறகுதான் அந்தக் கேள்வியை நான் மரியாதையோடு கேட்கத் தொடங்கினேன்.

இப்போது கடைக்குப் போனால் எல்லாமே தனித்தனியாகப் புகழ் பாடிக்கொண்டு அலமாரியில் நிற்கின்றன. முருங்கைப் பொடி டப்பாவில். கறுப்புக் கவுனி அரிசி அரைக் கிலோ பாக்கெட்டில். ஆளி விதை, சியா விதை, மாத்திரை வடிவில் மஞ்சள். வேலி ஓரம் முருங்கை நிற்கிற வீட்டுக்காரர் அந்தப் பொடியை வாங்கிப் போவதையும் பார்க்கிறேன். அதில் தப்பு ஒன்றுமில்லை, அவர் காசு. ஆனால் ஒரு பொருளைத் தேடிப் பிடித்துவிட்டால் உடம்பு தேறிவிடும் என்ற நம்பிக்கையில் எனக்கு ஈடுபாடு இல்லை. எதோடு எது, எவ்வளவுக்கு எவ்வளவு என்பதில்தான் சமையலின் மருத்துவம் இருக்கிறது. முதல் பாதியை நம் முன்னோர் நன்றாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பாதி நம் பாடு.

உளுந்தஞ்சோற்றையே எடுத்துக்கொள்வோம். ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் தோலுளுந்து. உளுந்தை எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு சேர்த்துக் களைந்து, ஒரு சின்னக் கரண்டி வெந்தயம், உரித்த பூண்டு ஒரு கை, கொஞ்சம் சீரகம், தட்டிய சுக்கு ஒரு துண்டு, தேங்காய்த் துருவல், கல்லுப்பு போட்டு, நாலு டம்ளர் தண்ணீர் விட்டு குக்கரில் நாலு விசில். அவ்வளவுதான் வேலை. குழைந்து வர வேண்டும். உதிரி உதிரியாக இருந்தால் அது உளுந்தஞ்சோறு இல்லை. பூண்டுக்குக் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது. வெள்ளை உருட்டு உளுந்தில் இதைச் செய்கிறவர்களும் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், மணம் பாதிகூட வராது, தோலில் உள்ள நார்ச்சத்தும் போய்விடும். உருட்டு உளுந்து இட்லி வெளேர் என்று வரட்டும் என்பதற்காக ஏற்பட்ட வசதி. சோற்றுக்கு அந்த வெள்ளை தேவையில்லை.

துவையலுக்கு எள்ளைப் படபடவென்று வெடிக்கத் தொடங்கும்போதே இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிஷம் அசந்தாலும் கசக்கும். வத்தல் மிளகாய், கொட்டைப்பாக்கு அளவு புளி, இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் தேங்காய், உப்பு. தண்ணீர் தெளித்துத் தெளித்து, கெட்டியாக, நறநறவென்று இருக்கும்படி அரைக்க வேண்டும். மிக்ஸியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் அம்மிப் பக்குவம் ஓரளவு வந்துவிடும்.

இந்த ஜோடியில் என்ன இருக்கிறது என்று ஊட்டச்சத்துப் பாடம் படித்த, மருமகள் முறையுள்ள பெண் ஒருத்தியிடம் கேட்டபோதுதான் எனக்குக் கண் திறந்தது. புரதம் என்பது பல அமினோ அமிலங்களின் கோவை. அரிசியில் லைசின் என்ற அமிலம் குறைவு. உளுந்தில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. எள்ளில் மெத்தியோனின் அதிகம், லைசின் குறைவு. மூன்றும் ஒரே தட்டில் வரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று அடைக்கிறது. 100 கிராம் உளுந்தில் ஏறக்குறைய 22 கிராம் புரதம். அரிசியில் ஏழெட்டுக் கிராம்தான். இந்தக் கணக்கு எதுவும் தெரியாமலே "எள்ளுத் துவையல் இல்லாம உளுந்தஞ்சோறா?" என்று எங்க ஆச்சி அடம்பிடித்திருக்கிறாள். அவள் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது என்று பெருமையாகச் சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்ல மாட்டேன். நாக்குக்குப் பிடித்த ஜோடிகளில் உடம்புக்கு ஒத்து வந்தவை நிலைத்திருக்கும், ஒத்து வராததும் சில நிலைத்திருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எள்ளில் சுண்ணாம்புச் சத்து மலைபோல் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு தோலில் ஆக்சலேட்டோடு பிணைந்து கிடப்பதால் முழுதும் உடம்பில் சேர்வதில்லை. எள்ளை நம்பி மோரை விட்டுவிடாதீர்கள்.

களியும் இதே உளுந்துதான். வறுத்த தோலுளுந்து மாவில் கொஞ்சம் அரிசி மாவு கலந்து, கருப்பட்டிப் பாகைக் காய்ச்சி, கட்டாயம் வடிகட்டி (கருப்பட்டியில் மண்ணும் தும்பும் இருக்கும்), நல்லெண்ணெய் விட்டு விட்டுக் கிண்ட வேண்டும். சட்டியில் ஒட்டாமல் திரண்டு வந்தால் பதம். பெரியமனுஷி ஆன பிள்ளைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கட்டாயம் கொடுப்பார்கள். இடுப்பெலும்பு இரும்பாகும் என்கிற வாக்குறுதியை நான் கொடுக்க மாட்டேன். வளர்கிற வயசில் புரதமும் இரும்பும் கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்து கிடைப்பது நல்லதுதானே, அந்தக் காரணம் போதும். என் மகனுக்கும் ஒரு கிண்ணம் வைத்தபோது அத்தை சிரித்துவிட்டார்கள். "பயலுக்கு எதுக்குளா களி?" அவனுக்கும் எலும்பு இருக்குல்லா அத்தை என்றேன். இப்போது அவன்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவன்.

கூட்டாஞ்சோறு விஷயம் இன்னும் ருசியானது. அரிசி, துவரம்பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், சீனியவரைக்காய், கிடைக்கிற காலத்தில் மாங்காய், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய கை முருங்கைக்கீரை. தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு, வத்தல் மிளகாய், மஞ்சள் அரைத்து விட்டு, புளித்தண்ணீர் ஊற்றி, எல்லாம் ஒரே பானையில் கொதிக்கும். கீரையைப் பச்சையாகப் போடாமல் தேங்காய் எண்ணெயில் ஒரு புரட்டு புரட்டிப் போடுவாள் எங்கம்மை. கீரையில் உள்ள கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சரியாகச் சேரும் என்பது எனக்குப் பின்னால் தெரிந்த செய்தி. 100 கிராம் முருங்கைக்கீரையில் கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல், புரதம் ஆறு கிராமுக்கு மேல். கீரை என்கிற வகையில் இவ்வளவு புரதம் பெரிய விஷயம். மாங்காயையும் புளியையும் சேர்ப்பதால் புளிப்பு மட்டும் வரவில்லை. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு வாங்கிக்கொள்ள அந்தப் புளிப்பு அமிலங்கள் கை கொடுக்கின்றன. இத்தனையும் செய்துவிட்டு சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் டீயின் துவர்ப்பு அந்த இரும்பைத் தடுத்துவிடும். எங்க வீட்டுல அவுகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு தனிக் கதை. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கிறதாக இப்போது ஒரு உடன்படிக்கை.

ஞாயிற்றுக்கிழமை அன்றைக்கு என்ன வைக்க என்று தெரியாமல் நிற்கிற வீட்டுக்கு கூட்டாஞ்சோறு மாதிரி உபகாரம் வேறில்லை. ஃபிரிட்ஜின் அடியில் ஒதுங்கிக் கிடக்கிற அரைக் கத்தரிக்காய், ஒற்றை முருங்கைக்காய் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு.

இனி அந்த இரண்டாவது பாதிக்கு வருகிறேன். அளவு.

எங்க ஆச்சி வீட்டில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. கார், பிசானம் என்று தாமிரபரணித் தண்ணீரில் இரண்டு பூவு விளைச்சல். நாற்று நடவும் களை எடுக்கவும் அறுக்கவும் போகிற மனிதர்கள் தட்டில் குன்று போலச் சோற்றைக் குவித்து, ஓரத்தில் ஒரு விரற்கடை துவையல் வைத்துச் சாப்பிட்டார்கள். அந்தச் சோறு மத்தியானத்துக்குள் வேர்வையாகப் போய்விடும். நாங்கள் அதே குன்றை வாங்கிக்கொண்டோம், வயலை விட்டுவிட்டோம். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, பைக்கில் போய்ப் பைக்கில் வருகிறவருக்கு அந்தக் குன்று எதற்கு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகளில் ஒரு நாளைக்கு 2000 கலோரி வேண்டியவருக்கு ஒரு மாதிரித் தட்டு கொடுத்திருக்கிறார்கள். தானியம் எல்லாம் சேர்ந்து 250 கிராம். காய்கறியும் கீரையும் 400 கிராம். பழம் 100. பருப்பு, முட்டை, மீன், கறி வகை 85. விதைகளும் கொட்டைகளும் 35. எண்ணெய் 27. பால் 300 மில்லி. சமைப்பதற்கு முந்திய எடை இது. நான் ஒரு நாள் எங்கள் வீட்டு அரிசியையும் காயையும் தராசில் வைத்துப் பார்த்தேன். அப்படியே தலைகீழ். அரிசி இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே, காய் இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே. நெல்லை மாவட்டத்தில் தராசு வைத்துப் பார்த்தால் பல வீட்டில் இதே கதையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அதனால் பண்டம் எதையும் மாற்றவில்லை, கரண்டியை மாற்றினேன். உளுந்தஞ்சோற்றில் உளுந்தை அரிசிக்குச் சமமாக ஏற்றினேன். கொஞ்சம் வழவழப்பு கூடும், கூடவே தண்ணீரும் கூட விட வேண்டும். கூட்டாஞ்சோற்றில் அரிசி ஒரு பங்கு, காயும் கீரையும் மூன்று பங்கு. வாழைக்காய்த் துவட்டலோ, வாழைத்தண்டு பச்சடியோ, அவியலோ முதலில் தட்டில் வந்து உட்காரும். மிச்ச இடத்தில்தான் சோறு. வாழை விளைகிற சீமையில் இருந்துகொண்டு தண்டையும் பூவையும் மாட்டுக்குப் போடுவது நியாயமா சொல்லுங்கள். பூ ஆய்கிறது பொறுமையைச் சோதிக்கிற வேலை, ஒப்புக்கொள்கிறேன். அந்த வேலையை டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆம்பளைகளிடம் தள்ளிவிடலாம். நரம்பு எடுக்க இரண்டு கை போதும், கண் வேண்டியதில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பாட்டி சமையலுக்குத் திரும்புவோம் என்று எழுதுகிறவர்கள் பாட்டியின் தோள்பட்டையைப் பற்றி எழுதுவதில்லை. ஆட்டுக்கல், அம்மி, உரல், புகை. எங்க ஆச்சி கடைசியாகத்தான் சாப்பிடுவாள், பெரும்பாலும் சட்டியில் ஒட்டினதை. சத்துள்ள சாப்பாட்டைச் சமைத்தவளுக்கே அந்தச் சத்து போய்ச் சேரவில்லை என்றால் அந்தச் சமையலை நான் ஏன் கும்பிட வேண்டும்? குக்கரும் மிக்ஸியும் வரட்டும், வேலையை ஆளுக்குப் பாதி பங்கு போட்டுக்கொள்ளட்டும், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடட்டும்.

அரிசியைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: எங்கள் வீட்டில் புழுங்கல்தான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியடித் தவிட்டில் உள்ள பி1 வைட்டமினில் ஒரு பங்கு மணிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் பச்சரிசி அளவுக்கு இழப்பு இல்லை. இட்லிக்கு அம்பை 16. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகம், குட்டைத் தடிமணி. எங்க ஊர்ப் பேர் உள்ள அரிசி என்பதால் கொஞ்சம் பாசம் அதிகம். கவுனி வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். முடியாதவர்கள் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டாம். ஒரு பிடி அரிசியைக் குறைத்து ஒரு பிடி காயைக் கூட்டுகிறவர் கவுனிக்காரரைவிட அதிக நன்மையைச் சம்பாதிக்கிறார்.

கருப்பட்டி பற்றி நான் சொல்லப் போவது சிலருக்குக் கோபத்தைக் கிளப்பும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். தேரி மண்ணில் நிற்கிற பனையில் ஏறி, பாளையைச் சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவி, அது கள்ளாகப் புளித்துவிடாமல் பதநீராக இறக்கி, காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுகிற உழைப்பு சாதாரணம் இல்லை. அதற்கு உள்ள மணமும் சீனியில் இல்லை. ஆனால் அதுவும் சர்க்கரைதான். மாமா சக்கரை கண்ட பிறகும் கருப்பட்டிக் காபிதானே என்று நாள் முழுக்கக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டு கருப்பட்டி, சீனி என்று பேதம் பார்க்கவில்லை. அதன்பிறகு சுக்குமல்லித் தண்ணியை இனிப்பில்லாமல் குடிக்கப் பழகினார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. கருப்பட்டியை இனிப்பு என்ற மரியாதையோடு களிக்கும் பணியாரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து என்று நினைத்துத் தின்னாதீர்கள். கடையில் வாங்கும்போது உடைத்துப் பாருங்கள். உள்ளே சீனிக் கற்கண்டு போலப் பளபளவென்று மின்னினால் கலப்படமோ என்று ஒரு சந்தேகம் வைத்துக்கொள்ளலாம்.

காணமும், அதாவது கொள்ளும், அப்படித்தான் புகழில் மாட்டிக்கொண்டது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை வைத்துக்கொண்டு, காணம் தின்றால் கொழுப்பு உருகி ஓடிவிடும் என்று காலையில் காணத் தண்ணி குடிக்கிறார்கள். உருகாது. ஆனால் புரதமும் நாரும் இரும்பும் நிறைந்த மலிவான பருப்பு அது. வயிறு நிறைந்து வெகு நேரம் தாங்கும், அதனால் அடுத்த வேளை குறைவாகச் சாப்பிடுவோம். பழமொழிக்கு அந்த வழியில் வேண்டுமானால் நியாயம் கற்பிக்கலாம். வறுத்துத் துவையல் அரைத்தால் ரசஞ்சோற்றுக்கு அதுவே வெஞ்சனம்.

நாங்கள் மீன் சாப்பிடாத வீடு. பக்கத்து வீட்டு மதினிக்கு உவரிக் கடற்கரைப் பக்கம். அவர்கள் வீட்டில் சாளைக் குழம்பு கொதித்தால் தெருவே அறியும். விலை உயர்ந்த மீனைவிடச் சாளையிலும் நெத்திலியிலும்தான் சத்து அதிகம், நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்பும் சேரும் என்று அவர்களிடம் சொன்னேன். "அதைச் சொல்லியா நாங்க திங்கோம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதுவும் சரிதான்.

நிலைத்து நிற்கிற ஆனால் உடம்புக்கு அவ்வளவாக ஒத்து வராத ஜோடிகள் என்று சொன்னேனே. கூட்டாஞ்சோற்றுக்கு வத்தலும் அப்பளமும் அதில் ஒன்று. கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைப் பழித்து நான் ஊருக்குள் நடமாட முடியாது. ஆனாலும் உப்பு உப்புதான். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. ஊறுகாய், மோர் மிளகாய், வத்தல், அப்பளம் என்று நாலும் ஒரு தட்டில் கூடினால் குழம்பில் உப்பே போடாவிட்டாலும் அந்தக் கணக்கில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். நான் அப்பளத்தை நெருப்பில் சுட்டு ஒன்று வைக்கிறேன். எண்ணெயாவது மிச்சம்.

இன்னொன்று சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்து அது. தேங்காயைப் பிழிந்து மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலில் காயும் பாசிப்பருப்பும் வேகவைத்து, இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, கடைசியில் தலைப்பால் ஊற்றிக் கொதி வருமுன் இறக்கி, ஆறினதும் எலுமிச்சம்பழம் பிழிவார்கள். காரட், பீன்ஸ், முருங்கைக்காய், பட்டாணி, சின்ன வெங்காயம் எல்லாம் உள்ளே இருக்கும், மிளகாய்த்தூள் கிடையாது, புளி கிடையாது. வயிற்றுக்கு இதமான குழம்பு. இஞ்சித் துவையல் அந்தத் தேங்காய்ப்பால் கனத்துக்குக் காவல். ஆனால் தலைப்பாலில் உள்ள கொழுப்பு பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு. வாராவாரம் வைத்துச் சாப்பிட, அதிலும் உருளைக்கிழங்கு சிப்ஸோடு சாப்பிட, இப்போதைய உடம்புக்குத் தெம்பு போதாது.

தேங்காயைப் பாதியாக்கி, பாசிப்பருப்பை இரட்டிப்பாக்கி, உருளைக்கிழங்கை வறுக்காமல் உள்ளேயே போட்டு ஒரு சொதி வைத்தேன். எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளைகளும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கம்மை அன்றைக்கு ஊரிலிருந்து வந்திருந்தாள். ஒரு வாய் எடுத்தாள், கரண்டியைத் தூக்கி வடியவிட்டுப் பார்த்தாள்.

"ஏட்டி, இது சொதியா, கழனித்தண்ணியா?"

உடம்புக்கு நல்லதும்மா என்றேன்.

"உடம்புக்கு நல்லதுன்னா வருசத்துக்கு ஒருக்கா வையி. வைக்க அன்னைக்கு ஒழுங்கா வையி."

அத்தையும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். சம்பந்திகள் இருவரும் ஒத்துப்போன விஷயங்கள் எங்கள் வீட்டில் அபூர்வம். அதனால் சொதி மட்டும் விதிவிலக்கு: விசேஷ நாளில், முழுத் தேங்காயில், தலைப்பாலோடு. மற்ற நாள் பாசிப்பருப்பும் காயும் போட்ட என் குழம்புக்கு வேறு பெயர் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் ஒன்றும் தோன்றவில்லை.